எல்லாம் புரிஞ்சுது

லிஸ்ப் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் ஓடிய புரோகிராமைப் பதினெட்டு வருஷம் கட்டி மேய்த்தவர் ஜெபமணி. கம்பெனி ஜாவா என்ற வேறு மொழிக்கு மாறப்போகிறது என்றதும் வேறு வேலை தேடிக்கொண்டு ராஜினாமா கொடுத்தார். ஜாவா புரோகிராம் தயாராகும்வரை ஆளை விட டைரக்டர் துவாரகநாத்துக்கு மனசில்லை.

“எனக்குச் சொல்லிக்கொடுத்துட்டுப் போங்க. புரிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் ரிலீவிங் லெட்டர்.”

மூன்று வாரம் ஜெபமணி தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தார். டைரக்டர் தினமும் கொட்டாவி விட்டார். “ஒரே பிராக்கெட்டா இருக்கு. புரியலையே!”

அந்த லெட்டரோடு திங்கட்கிழமை சேராவிட்டால் புது வேலையும் போய்விடும். வெள்ளிக்கிழமை கிளையன்ட் வந்து, “இவர் போனா யார் பார்த்துக்குவாங்க?” என்று கேட்டார்.

“டைரக்டர் சார்தான்,” என்றார் ஜெபமணி. “மூணு வாரமா உக்காந்து கத்துக்கிட்டார். புரிஞ்சுதா இல்லையான்னு அவரையே கேளுங்க.”

டைரக்டர் டையைச் சரிசெய்துகொண்டார். “எல்லாம் புரிஞ்சுது.”

ஜெபமணி பேனாவோடு ரிலீவிங் ஃபாரத்தை நீட்டினார். கையெழுத்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை புரோகிராம் படுத்துவிட்டது. டைரக்டர் போனில் அலறினார்.

“உங்களுக்குத்தான் எல்லாம் புரிஞ்சுதே, சார்,” என்று சொல்லிவிட்டு ஜெபமணி போனை வைத்தார்.

புது ஆபீஸிலும் எதிரே திரை முழுக்க ஜாவா. பக்கத்தில் நின்ற புது டீம் லீடருக்கு அவர் மகள் வயது.

“புரிஞ்சுதா, அங்கிள்?”

ஜெபமணிக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை.

“எல்லாம் புரிஞ்சுது, மேடம்.”