கேட்சரின் மோதிரவிரல்

"விரல் எப்படி இருக்கிறது, வாத்தியாரே?" என்று கேட்டார் ஆகஸ்ட் லெங்கர்.

"உங்கள் பந்து எப்படி இருக்கிறது?" என்றார் டெனிஸ் கார்மடி.



1889, செப்டம்பர் கடைசி. ஒஹாயோ ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பலகை வேலி போட்ட மைதானம். சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடத் தொடங்கி இருபது வருடம்தான் ஆகியிருந்தது. லீக்கில் இரண்டு அணிகள் சமமாக முதலிடத்தில் நின்றன. அன்று ஜெயிப்பவர்களுக்குத்தான் சாம்பியன் கொடி.

ஆகஸ்ட் பந்து வீசுபவர். செங்கல் சூளையிலிருந்து அந்த வருடம்தான், முப்பத்திரண்டாவது வயதில், ஆட வந்தவர். வந்தபோது அவரிடம் இருந்தது வேகம் மட்டும்தான். எங்கே வீசுவது, எப்போது வீசுவது என்று சொல்லிக்கொடுத்தவர் டெனிஸ். அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர். வயது இருபத்து நாலு.

எட்டு வயது சின்னவரை ஆகஸ்ட் வாத்தியாரே என்று கூப்பிடுவதைக் கேட்டு அணியில் முதலில் சிரித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கேட்சரின் கையுறை, விரல்நுனி வெட்டிய மெல்லிய தோல். அன்று ஏழாவது இன்னிங்ஸில் ஆகஸ்டின் பந்து ஒன்று டெனிஸின் மோதிரவிரலில் நேராக இடித்தது. விரல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. ஆகஸ்டின் வேகத்தைப் பிடிக்க அணியில் வேறு ஆள் கிடையாது. டெனிஸ் தொடர்ந்து நின்றார்.

அதன் பிறகு ஆகஸ்டின் பந்து மெதுவாகத்தான் வந்தது. அவர்கள் பக்கம் மூன்றுக்குப் பூஜ்யம் என்றிருந்த ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸில் மூன்றுக்கு இரண்டு ஆனது.

இப்போது ஒன்பதாவது, கடைசி. எதிரணியில் இரண்டு பேர் அவுட்; இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது பேஸில் ஒருவன் நின்றான். டெனிஸ் ஒரு பந்தைத் தவறவிட்டாலும் அவன் ஓடிவந்து சமன் செய்துவிடுவான். அடிக்க வந்தவனோ மெதுவான பந்துக்காகவே காத்திருந்தான்.

நடுவரிடம் சொல்லிவிட்டு டெனிஸ் ஆகஸ்டிடம் நடந்து வந்தது அப்போதுதான்.

"வேகமாக வீசுங்கள்."

"வீசினால் உங்கள் கை போய்விடும்."

"யாருடைய கை?"

"உங்களுடையது."

"அப்படியென்றால் அதை என்னிடம் விடுங்கள்."

டெனிஸ் கழுத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். திரும்பியிருந்த விரலைப் பிடித்து நேராக இழுத்தார். முகம் வெளுத்தது. பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றிவிட்டு, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை ஆகஸ்டிடம் நீட்டினார்.

ஆகஸ்ட் தயங்கினார். பிறகு இழுத்து இறுக்கினார்.

டெனிஸ் திரும்பிப் போய், வழக்கத்தைவிட ஓரடி முன்னால் நின்றார்.

முதல் பந்து பாதி வேகத்தில் போனது. அடித்த அடியில் அது வேலியைத் தாண்டியது. கோட்டுக்கு வெளியே விழுந்ததால் கணக்கில்லை. கூட்டம் மூச்சு விட்டது.

டெனிஸ் இன்னும் ஓரடி முன்னால் வந்தார். கிட்டத்தட்ட மட்டையின் நிழலில் நின்றுகொண்டு கைகளை விரித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் அந்தக் கைகளைப் பார்த்தார். பந்தைப் பிடித்திருந்த விரல்களை மாற்றிக்கொண்டார்.

அடுத்த பந்தை அடிப்பவன் பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்கடுத்த பந்துக்கு மட்டையைத் தாமதமாகச் சுழற்றினான். மூன்று தவறவிட்டால் அவுட். மூன்றாவது அதைவிட வேகமாகப் போனது. பலகை பிளந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மட்டை காற்றில் சுழன்று நின்றது. டெனிஸ் முழங்கால் ஊன்றியிருந்தார். பந்து அவர் கைக்குள் இருந்தது.

ஜனங்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். யாரோ தொப்பிகளை வீசினார்கள். ஆகஸ்ட் அவர்களை விலக்கிக்கொண்டு டெனிஸிடம் போனார். கைக்குட்டை முழுக்கச் சிவந்திருந்தது.

"மன்னித்துவிடுங்கள், வாத்தியாரே," என்றார்.

"எந்தப் பந்துக்கு?"

"கடைசி மூன்றுக்கும்."

டெனிஸ் பந்தை அவர் கையில் வைத்தார்.

"அதற்கு முன்னால் மெதுவாக வீசியவற்றுக்குக் கேளுங்கள்."