அடுத்த புத்தகம் யாருடைய தேர்வு?

மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பொன்வண்டு பதிப்பகம் இருக்கிறது. மூன்று தலைமுறையாகப் புத்தகம் போட்டுவரும் நிறுவனம். இப்போது மழை பெய்தால், புத்தகங்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வாளி வைக்க வேண்டும். விற்காத புத்தகங்கள் மாடிப்படிவரை ஏறிவிட்டன. சம்பளம் எப்போது வரும் என்று கேட்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆனாலும் அங்கே வேலை பார்ப்பவர்கள் காலையில் ஓட்டமாய் ஓடி வருவார்கள். இன்றைய தபாலில் என்ன கதை வந்திருக்குமோ என்ற ஆவல் அவர்களை விடாது.

அந்தப் பித்துப் பிடித்தவர்கள் மூவர். கையெழுத்துப் பிரதிகளைச் செம்மை செய்பவர் கோமதிநாயகம். அட்டை வரைபவள் ஜெரினா. ஊர் ஊராகப் போய் விற்பவர் சகாயராஜ்.

ஒரு நாள் முதலாளி அருள்செல்வி மூவரையும் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் ஒரே ஒரு நாவல்தான் போட முடியும். அது ஓடலைன்னா கட்டடத்தை, விலைக்குக் கேக்குற நகைக்கடைக்காரருக்குக் குடுத்துட வேண்டியதுதான். ஓடிடுச்சுன்னா, யாரால ஓடுச்சோ அவங்களே அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்."

மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது. எந்தப் புத்தகம் வரவேண்டும் என்பதை அதுவரை முதலாளி குடும்பம் மட்டுமே முடிவு செய்துவந்தது.

அந்த ஒரு நாவல் எது என்பதும் ஏற்கனவே முடிவாகியிருந்தது. கோமதிநாயகமே எழுதிய நாவல்தான் அது. அருள்செல்வி அதை ஏற்றுக்கொண்டு பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தடங்கல். இந்த முறை நிச்சயம் என்று ஜெரினா அட்டைக்கு வண்ணம் குழைத்துக்கொண்டிருந்தாள். தூரிகையைத் துடைக்கப் பழைய தாள் தேடியவள், திருப்பி அனுப்ப ஒதுக்கியிருந்த ஒரு கையெழுத்துப் பிரதிக் கட்டைப் பிரித்தாள். நின்றபடியே படிக்கத் தொடங்கினாள். தேநீர் ஆறியது, வண்ணம் காய்ந்தது.

"அண்ணே!" என்று கோமதிநாயகத்தைப் பார்த்துக் கத்தினாள். "ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள சிங்கம் வருதுண்ணே!"

விழுப்புரத்தில் தையல்கடை வைத்திருக்கும் குணவதி எழுதியது. அவர் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவர். கோமதிநாயகம் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் நேரே முதலாளி அறைக்குள் நுழைந்தார்.

"இந்த வருஷம் இதைப் போடுவோம்மா. என்னோடது இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? அடுத்த வருஷம் நம்ம கம்பெனி இருக்குமா?"

"இருக்கணும்னா இதைத்தான் போடணும்."

அருள்செல்வி சம்மதித்ததும் கோமதிநாயகம் அடுத்த வண்டியிலேயே விழுப்புரம் போனார். கதையில் சிங்கம் பாதிக்கு மேல்தான் வருகிறது. அதுவரை குணவதியின் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெருமைகள். சிங்கத்தை முதலில் வைக்கலாமா என்று கேட்டதும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க தாத்தாவுக்கு முன்னாடி சிங்கமா? கட்டைக் குடுங்க சார், நீங்க ஒண்ணும் போட வேண்டாம்!"

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. "சிங்கம் முன்னாடி ஓடட்டும்மா. அதைப் பிடிக்கத் தாத்தா பின்னாடி ஓடி வரட்டும். அப்ப அவர் வர்றதை எல்லாரும் பாப்பாங்கல்ல?"

குணவதி யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

புத்தகம் அச்சாகிக் கண்காட்சிக்குப் போனது. எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அரங்குப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சகாயராஜ் நம்பிக்கையைக் கைவிடப்போன வேளையில் கோடை மழை கொட்டியது. வெளியே நின்ற கூட்டமெல்லாம் உள்ளே புகுந்தது. மின்சாரம் போனது. சகாயராஜ் சட்டென்று ஒரு ஸ்டூலில் ஏறினார். செல்போன் வெளிச்சத்தில் முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்தார். சிங்கம் நடைமேடைக்கு வந்தது. பெஞ்சில் தூங்கும் குழந்தையருகே நின்றது. குனிந்து முகர்ந்தது.

சகாயராஜ் புத்தகத்தை மூடினார்.

"யோவ்! குழந்தைக்கு என்னய்யா ஆச்சு?" என்று ஒருவர் அலறினார்.

"அடுத்த பக்கத்துல இருக்கு, சார்."

இருட்டில் எத்தனை கைகள் நீண்டன! மழை விடுவதற்குள் அரங்கிலிருந்த பிரதிகள் காலி. வாங்கிப் போனவர்கள் ஊரெல்லாம் பேசினார்கள். அச்சகம் மறுபடி மறுபடி அடித்தது. நகைக்கடைக்காரரிடம் கட்டடம் விற்பனைக்கு இல்லை என்று அருள்செல்வி சொல்லிவிட்டார்.

இனி வாக்கைக் காப்பாற்ற வேண்டும். மூவரும் அவர் மேசை முன்னால் நின்றார்கள்.

"நான் கட்டைப் பிரிக்கலைன்னா அது திரும்பியே போயிருக்கும்" என்றாள் ஜெரினா. "அட்டை வரையறவ பிரதி படிக்கணும்னு சட்டமா இருக்கு? ஆசையாத்தான் படிச்சேன்."

"நல்ல புத்தகமெல்லாம் கிட்டங்கியில தூங்கலையா? அதை வாசகன் கையில சேர்த்தது என் தொண்டை!" என்றார் சகாயராஜ்.

"அந்தத் தொண்டைக்குச் சிங்கத்தைக் கொடுத்தது நான். தாத்தாவை வாசிச்சிருந்தா கூட்டம் மறுபடி மழைக்கே ஓடியிருக்கும்" என்றார் கோமதிநாயகம்.

வாசகரே, மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் புத்தகம் பிழைத்திருக்காது. அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

விடை: கோமதிநாயகத்துக்கு. சிங்கத்தை முன்னால் வைத்ததற்காக அல்ல. அது அவர் தொழில். சகாயராஜ் திறமையாக விற்றார். விற்பது அவருடைய வேலை. ஜெரினா தன் வேலைக்கு அப்பாற்பட்டுச் செய்தாள். ஆனால் நல்லதை நல்லது என்று சொல்வதால் அவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கோமதிநாயகமோ தன் நாவலுக்குக் கிடைத்த ஒரே இடத்தை, ஒருவேளை கடைசி இடத்தை, இன்னொருவர் எழுத்துக்குக் கொடுத்தார். பரிசோ, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தனக்கே பாதகமாக இருந்தும் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் அவர் ஒருவர்தான். அருள்செல்வியும் அப்படியே சொன்னார். "ஆனா அண்ணே, உங்க நாவல் இந்தக் கணக்குல சேராது. அதை எடுக்கறேன்னு நான் எப்பவோ சொல்லியாச்சு, அது தனியா வரும். நீங்க வேற ஒண்ணு சொல்லுங்க." கோமதிநாயகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கொடைக்கானல்ல ஒரு பஸ் டிரைவர் எழுதுறாரும்மா..." என்று ஆரம்பித்தார். ஜெரினாவும் சகாயராஜும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.