தெருவில் நின்று சொன்ன பதில்

சபையைப் பெருக்கித் துடைக்கும் பெனினாள், புருஷன் அடித்துக் கையை முறித்ததால் ஓடிவந்த லீதியாளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அந்தப் புருஷன் சபை மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவர். லீதியாளும் வந்திருந்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் கொதித்தார்.

"இரக்கம் பெண்களோட பலவீனம். அதுதான் குடும்பத்தைக் கெடுக்குது. பெனினாள், எழும்பி எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு."

பெனினாள் எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்த் தெருவில் நின்றாள்.

"சபைக்குள்ள பொம்பள பேசக்கூடாதுன்னு நீங்கதான ஐயா பிரசங்கம் பண்ணுதீங்க. அதான் இங்க நின்னு சொல்லுதேன். லீதியாள் கையை முறிச்சவரு உங்க பக்கத்துல உக்காந்திருக்காரு. அவர மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

போகிறவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். மூப்பர் தலையைத் தூக்கவில்லை.

"உள்ள வந்து பேசும்மா" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

"வாறேன் ஐயா. ஆனா அங்க முதல்ல லீதியாள் பேசுவா."