ஆறாயிரம் லிட்டரும் மாடக்கண்ணு மேஸ்திரியும்

தூத்துக்குடியில தரைத்தொட்டி கட்டுத மேஸ்திரிமாரு நாப்பது பேரு இருப்பாவ. அதுல கணக்குல புலி யாருன்னு கேட்டா மாடக்கண்ணுன்னு என் பேருதான் வரும். யாரு அப்படிச் சொல்லுதான்னு மட்டும் கேக்காதிய. நான்தான் சொல்லுதேன். வேற எவனும் சொல்லலைன்னா நானே சொல்லிக்கிட வேண்டியதுதான?

அன்னைக்குச் சாயங்காலம் லிங்கத்துரை டீக்கடை பெஞ்சுல, வீங்கின முட்டியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல ஆட்டோ ஓட்டுத பிச்சையா. நான் வாயத் தொறந்தாலே சிரிக்கதுக்குன்னு பொறந்த பய. அந்த நேரம் பாத்து ஜெயசிங் சார் வாறாரு. பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரு, புதுசா வீடு கட்டுதாரு. அவரு வீட்டுத் தண்ணித்தொட்டி வேலைய எனக்குக் குடுக்கவா வேண்டாமான்னு முடிவு பண்ண வந்திருக்காரு.

எனக்கு அந்த வேலை கெடைச்சே ஆகணும். டீக்கடைக்கு எதிர்த்தாப்புல இருக்க மூணு மாடிக் குடியிருப்புல நான் கட்டின தொட்டியப் பத்தி ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இந்த வேலையும் கைய விட்டுப் போச்சுன்னா எவனும் என்ன மேஸ்திரின்னு கூப்பிட மாட்டான். பழையபடி கலவைச் சட்டி சுமக்கப் போக வேண்டியதுதான். அது தெரிஞ்சும் வாய் அடங்குதா?

"காலுக்கு என்ன மேஸ்திரி?" சார் கேட்டாரு.

"ஒண்ணுமில்ல சார். மண்டையில கணக்கு நெறைஞ்சு போச்சு. அங்க எடமில்லாம முட்டிக்கு எறங்கிட்டு."

பிச்சையா தும்முத மாதிரி சிரிச்சான்.

"எதிர்த் தொட்டில லாரித்தண்ணி கொள்ளலைன்னு சொல்லுதாங்களே?"

"அதுக்கு வாறேன் சார். மொதல்ல என் கைய பாருங்க." கையில இருந்த டீ கிளாஸத் தூக்கிக் காட்டினேன். "இது எவ்வளவு கொள்ளும்? வெளிய இருந்து பாக்கவனுக்கு நூத்தம்பது மில்லி. ஆனா அடியில கண்ணாடியே ஒரு வெரல் தடிமன். உள்ள நூறுதான். அதுல நொரை முப்பது. லிங்கத்துரை மனசாரக் குடுக்கது எழுபது."

"குடிச்சதுக்கப்புறம் அளக்கதுக்கு எங்க வே கத்துக்கிட்ட?"ன்னு லிங்கத்துரை பாய்லர் பக்கம் இருந்து கத்தினான்.

"நீளம், அகலம், ஆழம். மூணையும் அடியில பெருக்கணும் சார். வந்தத இருபத்தெட்டு புள்ளி மூணால பெருக்கினா லிட்டர். இது எல்லாவனுக்கும் தெரியும். ஆனா மனக்கணக்காப் போடுதவன் நான் ஒருத்தன்தான். தப்புப் போட்டாலும் மத்தவன் மாதிரி வாளி அளவுக்குப் போட மாட்டேன். என் தப்பு ஒவ்வொண்ணும் ஊர் அளவுக்கு இருக்கும்."

சார் பக்கத்துல உக்காந்தாரு. உக்காந்துட்டாருல்லா, அப்புறம் எனக்குக் கேக்கணுமா?

"உப்பளம் வச்சிருக்க தேவசகாயம் மொதலாளி வீட்டுல தொட்டி கட்டப் போனேன். பத்து, ஆறு, அஞ்சுன்னு காகிதத்துல எழுதிக் குடுத்தாரு. அடின்னு எழுதல. நான் மீட்டர்னு எடுத்துக்கிட்டேன்."

"அய்யோ,"ன்னாரு சார்.

"முந்நூறு கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். எட்டாயிரத்து ஐநூறு லிட்டர் கேட்ட மனுசனுக்கு மூணு லட்சம் லிட்டர் கட்டிக் குடுத்திருக்கேன். ரொப்பதுக்கு மட்டும் அம்பது லாரி."

"தோண்டும்போது மொதலாளி பாக்கலயா வே?" பிச்சையா.

"பாத்தாரு. ஒரு ஓரத்துல நின்னு 'யாருலே அந்தப் பக்கம்?'னு கேட்டாரு. 'மாடக்கண்ணு'ன்னேன். அந்தச் சத்தம் அவருக்குப் போய்ச் சேர மறுநாள் ஆயிட்டு."

"பத்து மீட்டருக்கா?"

"நேராப் போனா பத்து மீட்டர்தான் வே. மூலைக்கு மூலை முட்டிட்டுல்லா போச்சு! மொதலாளியம்மா ஒரு நாள் சொம்பத் தவறவிட்டாவ. அது அடியப் போய்த் தொட்ட சத்தம் கேக்கதுக்குள்ள, புதுச் சொம்பு வாங்கி, அதுவும் நசுங்கி, பழைய பாத்திரக்காரன்கிட்டப் போட்டாச்சு. பெறவு ஒரு கப்பல் கேப்டன் வந்து, ரெண்டு நாளைக்கு நம்ம கப்பல உங்க தொட்டில நிறுத்திக்கிடட்டுமான்னு கேட்டாரு."

"விட்டியளா?"

"எப்படி விடுதது? தொட்டி மூடி ரெண்டடிக்கு ரெண்டடிதான். கப்பல் எறங்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூடிக் கணக்க மட்டும் அடியிலயே போட்டிருக்கேன் பாத்தியளா, அங்கதான் சார் மேஸ்திரி நிக்கான்."

சார் சிரிச்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துட்டு. எதிர்க் குடியிருப்பு வாசல ஒரு கண்ணால பாத்துக்கிட்டேன். அஞ்சு நிமிசத்துல வாறேன்னு அங்க சொல்லிட்டு வந்திருந்தேன். ஒருத்தரும் வரல. சரி, இன்னொண்ண எடுத்துவிடுவோம்.

"அதே வருசம் கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. கூட்டத்துக்கு எலுமிச்சம்பழ சர்பத் குடுக்கணும், கணக்கு நீதான் போடணும்னு பெரிய ஆட்களெல்லாம் என் கையப் புடிச்சுக்கிட்டாவ. ரெண்டாயிரம் பேரு. ஆளுக்கு இருநூறு மில்லி. எவ்வளவு சார்?"

"நானூறு லிட்டர்."

"நீங்க வாத்தியாரு, சட்டுனு சொல்லிட்டிய. நான் ரெண்டாயிரத்த இருநூறால பெருக்கினேன். நாலு லட்சம் வந்துச்சு. மில்லிய லிட்டராக்க ஆயிரத்தால வகுக்கணும்லா? அந்த நேரம் பாத்து மேளச் சத்தம். கவனம் போயிட்டு. நாலு லட்சம் லிட்டர்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அவ்வளவு எலுமிச்சம்பழத்துக்கு எங்க வே போன?"

"அந்த வருசம் நாலு மாவட்டத்துல ஒரு வீட்டுலயும் ஊறுகாய் போடல பிச்சையா. எல்லாப் பழமும் இங்க வந்துட்டு. கரைக்கதுக்கு எடம்? நம்ம மொதலாளி தொட்டிதான். மூணு லட்சம் அதுல கொண்டுச்சு. மீதி ஒரு லட்சத்த என்ன செய்ய? உப்பள வாய்க்கால் வழியா கடல்ல தொறந்துவிட்டேன்."

இந்த எடத்துல நான் ஒரு மடக்கு டீ குடிப்பேன். கிளாஸ் காலியாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் குடிச்சேன்.

"மூணு நாளைக்கு வலையில வந்த மீனெல்லாம் புளிப்பு. சாளை, ஊளி, நெத்திலி ஒண்ணு பாக்கியில்ல. எந்த வீட்டுலயும் மீன் கொழம்புக்குப் புளி கரைக்கல. சட்டில போட்டு மொளகாத்தூளத் தூவினாப் போதும்."

"ஆமா ஆமா. அந்த வருசம் வாங்கின புளிதான் இன்னும் என் வீட்டுல கெடக்கு,"ன்னான் லிங்கத்துரை.

"சர்பத்துன்னா சீனி வேணுமே மேஸ்திரி?" சார் விடல.

"மறந்துட்டேன் சார். அதுதான் என் தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா சீனி போட்டிருந்தா அந்த மீன எவன் வாங்குவான்? சொல்லுங்க!"

சார் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. பெறவு மொகத்த நேராக்கிட்டு, "அதெல்லாம் சரி. நான் எதிர்த்தாப்புல இருக்க தொட்டியப் பத்திக் கேட்டேன்"னாரு.

தப்பிக்க வழியில்ல. முட்டிய ஒரு தடவு தடவிக்கிட்டேன்.

"பத்தடி நீளம். ஆறடி அகலம். அஞ்சடி ஆழம். முந்நூறு கன அடி. எட்டாயிரத்து நானூத்தித் தொண்ணூறு லிட்டர். வந்த லாரி ஆறாயிரம் லிட்டர். கொள்ளணுமா வேண்டாமா?"

"கொள்ளணும்."

"நாலாயிரத்து முந்நூத்தி முப்பதுலயே தொட்டி நெறைஞ்சு போச்சு. ஏன்? சார், ஒரு படி அரிசி பொங்கினா ஒரு படியா சோறு வரும்? வெந்தா விரியுமா விரியாதா? நம்ம ஊர் வெயில்ல லாரித்தண்ணி வெந்துட்டு."

"அப்ப லாரியே வெடிச்சிருக்கணுமே?"

"டிரைவர் அடிச்சுப் புடிச்சு ஓட்டிட்டு வந்தான் சார். வழியில அதுக்கு விரிய நேரமில்ல. நம்ம தொட்டில எறங்கின பெறவுதான் அக்கடான்னு விரிஞ்சுது."

பிச்சையா பெஞ்ச விட்டு எறங்கித் தரையில உக்காந்துட்டான். சிரிக்கதுக்கு எடம் பத்தலையாம்.

"சரி, மிச்சம் ஆயிரத்து அறுநூத்தி எழுவது லிட்டர்?" சார் டக்குனு கழிச்சுட்டாரு.

"மாடிக்கு ஏத்திட்டேன். மோட்டார் கெடையாது, பைப்பு கெடையாது. நான் ஏத்தினது அந்தத் தண்ணிக்கே தெரியாது சார். மூணாவது மாடில போயி, சன்னல் வழியா கடலப் பாத்த பெறவுதான், 'அய்யய்யோ, நாம மேல வந்துட்டோம்டா'ன்னு அதுக்கே வெளங்கிச்சு!"

சார் வாய் விட்டுச் சிரிச்சுட்டாரு. சட்டைப்பையில இருந்து வீட்டு வரைபடத்த எடுத்து மடியில விரிச்சாரு. "மேஸ்திரி, என் தொட்டி பன்னெண்டு, ஆறு, அஞ்சு அடி. வேலைய எப்ப..."

அவரு சொல்லி முடிக்கல. எதிர் கேட் தொறந்துச்சு.

வந்தது ரெஜினாக்கா. மூணாவது மாடில இட்லி மாவு அரைச்சு லிட்டர் கணக்குல அளந்து விக்காவ. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவாதான். இடுப்புல பச்சைக் கலர் பிளாஸ்டிக் குடம், காலிக் குடம். நேரா வந்து அத என் கால்மாட்டுல வச்சாவ.

"அஞ்சு நிமிசம்னு போனிய மேஸ்திரி, நாப்பது நிமிசமாச்சு. கீழ டிரம்முல இன்னும் நாப்பத்திமூணு குடம் கெடக்கு."

நான் குடத்தக் காலால பெஞ்சுக்கு அடியில தள்ளப் பாத்தேன்.

"என்ன நாப்பத்திமூணு குடம்கா?" சார் கேட்டாரு.

"லாரித்தண்ணி முழுசும் கொள்ளும், கொள்ளலைன்னா மிச்சத்த நானே குடத்துல சுமந்து மாடிக்கு ஏத்துதேன்னு எல்லாருக்கும் முன்னால மார்தட்டினாரு. ஆயிரத்து அறுநூத்தி எழுவது லிட்டர் நின்னுபோச்சு. டிரம்முல புடிச்சு வச்சிருக்கோம். குடம் பதினஞ்சு லிட்டர். நூத்திப் பதினோரு குடமும் அஞ்சு லிட்டரும். முட்டி வீங்கிருக்கேன்னு அந்த அஞ்சு லிட்டர மட்டும் தள்ளிட்டேன். அறுவத்தெட்டு ஏத்திருக்காரு."

எனக்கு மொகம் எங்க வைக்கன்னு தெரியல. அழுகை கூட வந்துச்சு, நெசமாத்தான் சொல்லுதேன். முட்டி வலியில வந்ததுன்னு பாக்கவங்க நெனச்சிருப்பாவ.

சார் வரைபடத்த ரெஜினாக்கா பக்கம் திருப்பினாரு. "அக்கா, இது பன்னெண்டு, ஆறு, அஞ்சு அடி. எத்தனை லிட்டர் கொள்ளும்?"

போற உசுர எப்படியாவது புடிக்கணும்லா? நான் முந்திக்கிட்டேன். "பத்தாயிரத்து நூத்தி எம்பத்தெட்டு! விரல் மடக்கல, காகிதம் தொடல. சரியான்னு நீங்களே போட்டுப் பாருங்க சார்!"

சார் போட்டுப் பாத்தாரு. சரியாத்தான் இருந்துச்சு. நான் ரெஜினாக்காவ நிமிந்து பாத்தேன்.

அவா என்னப் பாக்கவே இல்ல. வரைபடத்தப் பாத்துக்கிட்டே, மாவு வாங்க வாறவங்ககிட்ட எத்தனை லிட்டர் வேணும்னு கேக்க மாதிரி சாதாரணமாக் கேட்டாவ.

"உள்ளளவா, வெளியளவா?"

லிங்கத்துரை என் கையில இருந்த டீ கிளாஸ மெல்ல வாங்கினான். அடியில இருக்க தடிமன வெரலால ரெண்டு தட்டு தட்டினான். "கிளாஸுக்குப் பாத்தியே வே. தொட்டிக்குச் செவுரு கெடையாதா?"

முக்காலடிச் செவுரு. நாலு பக்கமும் நானே நின்னு கட்டினது. அடியில அரையடி காங்கிரீட்டு, மேல அரையடித் தளம், அதுவும் நான் போட்டதுதான். வெளிய பத்தடி, உள்ள எட்டரை. அத்தனையையும் தண்ணிக் கணக்குல சேத்திருக்கேன்.

சார் வரைபடத்த மடிச்சுப் பையில வச்சாரு. "வேலை உங்களுக்குத்தான் மேஸ்திரி. செவுரு நல்லாக் கட்டுதிய, ஒரு சொட்டு ஒழுகலைன்னு அக்காவே போன வாரம் சொன்னாங்க. டேப்ப மட்டும் அக்கா புடிக்கட்டும்."

எந்திரிச்சேன். முட்டி கடகடன்னுச்சு. குடத்த எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டு ரெஜினாக்கா பின்னால கேட்டப் பாத்து நடந்தேன். பாதி ரோட்டுல பிச்சையா குரல் கேட்டுச்சு.

"வே மாடக்கண்ணு! பைய ஏறும் வே, தண்ணி முழிச்சிரப் போவுது!"