ஏழுக்குப் போகும் தண்ணீர்

ஏழாம் கிணற்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் சிமெண்ட் ஊற்றி மூடப்போகிறார்கள். எண்ணெய்க் கிணறுதான். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக வந்தால் எந்தக் கம்பெனிதான் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும்?

நாவுக்கரசுக்கு மனசே ஆறவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்த வாரம் தோண்டிய கிணறு அது. சுற்றிலும் நாலு கிணறுகளில் தண்ணீரை உள்ளே செலுத்தி, அடியில் கிடக்கும் எண்ணெயை ஏழாம் கிணற்றின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலில் ஏதோ ஒன்று எண்ணெயை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை நேரே அனுப்புகிறது. எது என்று தெரிந்தால் அதை அடக்கிவிடலாம், ஏழு பிழைத்துக்கொள்ளும்.

அவர் கம்பெனியின் பொறியாளர் குழலியிடம் போனார். வயதில் பதினைந்து வருடம் சின்னவர். ஆனால் பூமிக்கு அடியில் நடப்பதை அவருக்குச் சொல்லித் தந்தது குழலிதான், அதனால் குருவாகவே வைத்திருந்தார். நாலு கிணற்றிலும் தினம் செலுத்திய தண்ணீரின் அளவைக் காட்டும் ஆறு மாத வரைபடத்தை மேசையில் விரித்தார். நூல் பிடித்த மாதிரி நாலு கோடுகள். வால்வை ஒருத்தரையும் தொட விட்டதில்லை என்று பெருமையாகவே சொன்னார்.

“இவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் மேடம். எந்தக் கிணத்துத் தண்ணி ஏழுக்குப் போவுதுன்னு மட்டும் தெரியல.”

குழலி வரைபடத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்கண்ணே, ஒண்ண மூடுவோம்.”

நாவுக்கரசுக்குப் பகீரென்றது. அந்த நாலில் மூன்றாம் கிணறு ஏழுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மூடித்தான் ஆகவேண்டும் என்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று அதைக் காட்டினார். வால்வுச் சக்கரத்தைத் திருகி மூடி, பம்பையும் நிறுத்தினார். பம்பின் இரைச்சல் அடங்கியதும் வயலில் ஒரு செம்போத்து கத்துவது கேட்டது. எத்தனை வருடமாய் அங்கே கத்துகிறதோ.

தினமும் காலையில் ஏழின் வாயில் பாட்டிலைப் பிடித்துத் தெளியவைத்தார். தண்ணீருக்கு மேல் எண்ணெய் ஒரு விரல்கடை. பத்து நாளும் அதே ஒரு விரல்கடைதான். குழலி மூன்றைத் திறக்கச் சொல்லிவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரொம்பத் தள்ளியிருந்த முதல் கிணற்றை மூடச் சொன்னார். அது எங்கே, ஏழு எங்கே என்று முனகிக்கொண்டே மூடினார் நாவுக்கரசு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தால் அவருக்குக் கண் செருகும். கண்ணுக்குள் தண்ணீர் நடக்கும். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், இருட்டு மணலில், நின்று நின்று நடக்கும். அவரும் கூடவே நடப்பார். தலைக்கு மேலே எங்கோ நாற்று நடுகிற பெண்கள் பேசிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்பார். தண்ணீர் வாய் திறக்காது. விழிக்கும்போது வெயில் காலடிக்கு வந்திருக்கும்.

முதல் கிணற்றை மூடிய ஒன்பதாம் நாள் பாட்டிலில் எண்ணெய் இரண்டு விரல்கடை நின்றது. பதினோராம் நாள் நாலு. சிமெண்ட் வண்டி வரவேண்டாம் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாவுக்கரசு அழுதேவிட்டார். அழுது முடித்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது.

“ஆறு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தேன் மேடம். ஒரு வார்த்தை சொல்லலையே இந்தக் கிணறு.”

“நீங்க எங்கண்ணே கேட்டீங்க? விடாம ஊத்திக்கிட்டுல்ல இருந்தீங்க.”