இரண்டு மணி நேரம் தள்ளி

கீழப்பனையூர் மேளக் கோஷ்டியில் ஆள் மூன்று; மூளை எத்தனை என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நாகசுரம் கொம்பையா, தவில் சொரிமுத்து, தாளம் இசக்கி. கல்யாண சீசனில் மூவருக்கும் ஒன்றாகத் தலைசுற்றல் வந்தது.

டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்.

"ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க, இரும்புச்சத்து உடம்புல ஒட்டாது. இரும்பு மாத்திரையை வெறும் வயித்துல போடுங்க. கால்சியத்தை ரெண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்க."

மறுநாள் ஒன்பதரைக்கு ஒரு முகூர்த்தம். காலை எட்டு மணிக்கு மூவரும் வயிறு முட்ட இட்லி தின்றார்கள். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு இரும்பு மாத்திரையை விழுங்கினார்கள்.

"அண்ணாச்சி, எதைத் தள்ளணும்னு டாக்டரம்மா சொல்லலியே?" என்றான் இசக்கி.

கொம்பையா யோசித்தார். "நம்மகிட்ட இருக்கிறதுலயே பெரிசு வேன்தான். சின்னதைத் தள்ளினா மாத்திரைக்கு மரியாதை இல்ல."

"இன்ஜினைப் போடட்டுமா?" என்றான் சொரிமுத்து.

"போடாதல. சத்தெல்லாம் அதுக்குல்லா போயிரும்!"

ஒன்பது மணிக்கு, மூவரும் தள்ளிக்கொண்டு வந்த வேன் மண்டப வாசலுக்கு வந்தது. பெண்ணின் அப்பா வாய் நிறைய வரவேற்றார். வேன் அவரைத் தாண்டிப் போயிற்று.

"யோவ், தாலி கட்டணும்யா!" என்று பின்னால் ஓடினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்குங்க ஐயா," என்றார் கொம்பையா பணிவாக.

"நாங்க தள்ளுதோம், நீங்க வந்து ஊதுங்க!"

"அப்ப மாத்திரையை நீங்கல்லா முழுங்கியிருக்கணும்?"

கடைசியில் பெண்ணின் அப்பாவே அழாத குறையாக ஒரு வழி சொன்னார். மூவரும் முதுகால் வேனைத் தள்ளிக்கொண்டு, வாசித்தபடியே மண்டபத்தைச் சுற்றினார்கள். மேளம் வாசல் பக்கம் வந்தபோது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மீதி இரண்டு முடிச்சுக்கு, இன்னும் இரண்டு சுற்று காத்திருந்தார்.

சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"வலிக்குதுன்னு கடையில மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள்னு அஞ்சாறு தினுசு சத்து மாத்திரை வாங்கியிருக்கோம்மா. எல்லாத்தையும் மத்தியானமே ஒரு வாய் போட்டாச்சு," என்றார் கொம்பையா.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்துதானேன்னு கண்டதைக் கலக்கக் கூடாதுய்யா! ஒண்ணு ரத்தத்தை இளக்கும், இன்னொண்ணு ஈரலைக் கெடுக்கும். கடையில வாங்கின மாத்திரையை எல்லாம் உடனே நிறுத்துங்க!"

ஒரு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். மூவரும் வராந்தாவில் குப்புறப் படுத்து, மூச்சுவிடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொம்பையா வாயில் விரல் வைத்தார். "மெதுவா வாங்கம்மா. பூண்டு மாத்திரை எல்லாம் நின்னுருச்சு. மீன் எண்ணெய்தான் நிறுத்த நிறுத்தப் படுத்துக்கிடுது. பாவம், அதுக்கு ஏதாவது சத்து மாத்திரை எழுதிக் கொடுங்க."