பல்லி ஏன் விடை சொல்வதில்லை

அந்தக் காலத்தில் பல்லிக்கு நல்ல குரல் இருந்தது. எல்லா உயிர்களும் பேசியதுபோல அதுவும் பேசியது. காதோடு சொன்னால் அந்தக் காதுக்கு மட்டும் கேட்கிற மெல்லிய குரல்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பல்லி குடியிருந்தது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவள் வடிவாள். அவள் எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். மணலில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, "இதுக்குள்ள ஒரு மரம் ஒளிஞ்சிருக்கு, தேடுங்க" என்பாள். இல்லையென்றால் விடுகதை போடுவாள். போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள், சண்டை போடுவார்கள், வேலியோரம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு விடைக்கு இரண்டு நாள் ஆனாலும் அவள் வாய் திறக்க மாட்டாள்.

பல்லிக்கு இது பொறுக்காது. ஆவுடை தவிக்கும்போது பொறுக்கவே பொறுக்காது.

ஆவுடைக்கு ஏழு வயது. அப்பா இல்லை. அம்மா மூக்கம்மா காட்டுக்குப் போய் விறகு சுமந்து வருவாள். எந்தப் புதிரும் ஆவுடைக்குக் கடைசியாகத்தான் பிடிபடும். ஆனால் பிடிபடும். சுவரோரமாக உட்கார்ந்து, மழைக்காலத்தில் பல்லிக்கென்று ஈசல் பிடித்து வந்து கொடுப்பாள். அவள் முகம் வாடினால் போதும், பல்லி இறங்கிவந்து காதில் விடையைச் சொல்லிவிடும்.

ஒரு கார்த்திகை மாதம் வடிவாள் இந்தப் புதிரைப் போட்டாள்.

"மண்ணுக்குள்ள கலப்பை, உழவே உழாது. மேலே நெருப்பு, சுடவே சுடாது. தின்னவன் எழுந்திருக்க மாட்டான். அது என்ன?"

பிள்ளைகள் விழித்தார்கள். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். பல்லி இறங்கிவந்தது.

"சொல்லாத" என்றாள் ஆவுடை. "கொஞ்சம் இரு. எனக்கே வருது. நெருப்புன்னா ஏதோ பூவா இருக்கும்..."

பல்லி காத்திருந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்த செம்பாள் சிரித்துவிட்டாள். "ஆவுடைக்கு அடுத்த கார்த்திகைக்குள்ள வந்துரும்!"

ஆவுடையின் கண் கலங்கியது. பல்லிக்கு மனசு கேட்கவில்லை. "கலப்பைக்கிழங்கு" என்று சொல்லிவிட்டது.

ஆவுடை எழுந்து விடையைச் சொன்னாள். வடிவாள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். செம்பாளும் மற்றவர்களும் நம்பவில்லை. "கிழங்கு எப்படிக் கலப்பையாகும்?" என்று கேட்டுக்கொண்டே மறுநாள் வேலிப்பக்கம் போனார்கள். தீப்போலப் பூத்திருந்த காந்தள் கொடியைக் கண்டார்கள். குச்சியால் தோண்டிப் பார்த்தார்கள். கிழங்கு கலப்பை மாதிரியே வளைந்து, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தூர எறிந்துவிட்டு ஓடையில் கை கழுவினார்கள்.

ஆவுடை போகவில்லை. அவளுக்குத்தான் விடை தெரியுமே.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பங்குனியில் வேலியில் பூ இல்லை, கொடி இல்லை, எல்லாம் காய்ந்து போயிருந்தது. ஊரே கிழங்கு தோண்டித் தின்றது. பசி தாங்காமல் ஒரு நாள் ஆவுடையும் தோண்டினாள். வளைந்து பிரிந்த கிழங்கு ஒன்று கிடைத்தது. வள்ளிக்கிழங்கு என்றே நினைத்தாள். சுட்டு, சின்னத் துண்டைத் தான் தின்றாள். பெரிய துண்டை அம்மாவுக்காக இலையில் மூடி வைத்தாள்.

விறகுக்கட்டோடு மூக்கம்மா வந்தபோது பிள்ளை அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். பொழுது சாயும் முன் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மூக்கம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கையில் கிழங்குத்துண்டோடு அந்த இலை இருந்தது.

"இதோட பேரு அவளுக்குத் தெரியும், வாத்தியாரம்மா. சரியாச் சொன்னேன்னு வீட்டுக்கு வந்து குதிச்சாளே. தெரிஞ்சவ எப்படித் தின்னா?"

வடிவாள் அந்த இலையைக் கையில் வாங்கினாள். "நான்தான் சரியாச் சொல்லித் தரலை, தாயி" என்றாள்.

சுவரில் இருந்த பல்லி தொப்பென்று அவர்கள் நடுவே விழுந்தது. "உங்க தப்பில்லை. பேரைச் சொன்னது நான். அவ அழுதா, எனக்குத் தாங்கலை."

வடிவாள் அதன் பக்கம் குனிந்தாள். திட்டவில்லை.

"அவ இருன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"இருந்திருக்கலாமே."

பல்லி சுவரேறிக் கூரை மோட்டுக்குள் போய்விட்டது. அதன் பிறகு அது பேசி யாரும் கேட்டதில்லை.

வடிவாளும் புதிர் போடுவதை நிறுத்திவிட்டாள். எல்லாவற்றையும் நேராகவே சொன்னாள். பிள்ளைகள் சேர்ந்து ஒப்பித்தார்கள். அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஒரு நாள் அந்த வழியாகப் போன மூக்கம்மா விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏன், இப்பல்லாம் புதிர் போடறதில்லையா?"

வடிவாள் இல்லையென்று தலையாட்டினாள்.

"போடுங்க, வாத்தியாரம்மா. என் பிள்ளையை அவளாவே கண்டுபிடிக்க விட்டிருந்தா, இன்னைக்கு இங்கே உட்கார்ந்திருப்பா."

வடிவாள் மணலைத் தட்டிச் சமன் செய்து எழுத்துகளைக் கலைத்துப் போட்டாள். வெயில் வாசலிலிருந்து நடுக்கூடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆவுடையின் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த செம்பாள் மெல்ல எழுந்து, ஓர் எழுத்தை இங்கும் ஓர் எழுத்தை அங்கும் மாற்றி வைத்தாள். விடையைச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்த பிறகு சுவரிலிருந்து ஓர் ஓசை வந்தது. ச்ச், ச்ச், ச்ச்.

அன்று முதல்தான் பல்லி யாருக்கும் எதையும் முந்திக்கொண்டு சொல்வதில்லை; நாம் பேசி முடிக்கும்வரை சுவரில் ஒட்டிக் காத்திருந்து, பிறகுதான் ஓசை எழுப்புகிறது. நாம் சொன்னது சரி என்று அது சொல்வதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறோம். அதுவோ ஆவுடையை நினைத்து உச்சுக்கொட்டுகிறது.